சிவப்புப் புள்ளி

நின்றுகொண்டே பேசினால் எனக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும், மேடம். இந்த டயர் மேல் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் கிரீஸ் படாத நாற்காலி அது ஒன்றுதான்.

மீசை முளைக்கும் முன்பே சிமெண்ட் மூட்டை தூக்கப் போனவன் நான். அப்போதே போன இடுப்பு. ஆனால் எனக்குச் சோறு போட்டதும் அதுதான். ஒரு வண்டியில் ஏறி மேடு பள்ளத்தில் ஒரு சுற்று போய்வந்தால் போதும்; எந்த ஷாக் அப்சார்பர் செத்துக் கிடக்கிறது, எந்த ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று இடுப்பு சொல்லிவிடும். குலுக்கலைத் தாங்கும் இந்த சஸ்பென்ஷன் வேலைக்கென்று தூரத்திலிருந்தெல்லாம் என்னைத் தேடி வருவார்கள்.

விபத்து விசாரணை முடிந்துவிட்டது, வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் என்ற முறையில் ஒரு கையெழுத்துதான் பாக்கி என்றீர்கள். போடுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டும்.

என் மாப்பிள்ளை கட்டட வரைபடம் போடுகிறவர். கோடு கோணினால் தூக்கம் வராத ஆள். ஒருநாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"மாமா, வாரம் பூரா ஆபீஸ் போகணும், பாப்பாவ ஸ்கூல்ல விடணும். ஞாயித்துக்கிழமை ட்ராக்ல ஓட்டணும். ரெண்டுக்கும் இதே வண்டிதான். என்ன சஸ்பென்ஷன் போடலாம்?"

"கல்யாண வீட்டுக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் ஒரே செருப்பு கேக்குறீங்க மாப்பிள்ளை."

"செருப்பு ஒண்ணுதான் மாமா. வாரை மட்டும் அப்பப்ப இறுக்கிக்கலாம்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயம் தெரிந்த பேச்சு. கம்பெனி போட்டுத் தரும் மெத்தென்ற ஷாக் தெருவுக்குச் சுகம். வேகமான வளைவில் படகு மாதிரி சாயும். கட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தினால் பந்தயத் தடத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும். மறுநாள் ஸ்கூலுக்குப் போகும் குழந்தைக்குப் பல் ஆடும். நடுவில் ஒன்று உண்டு. ஷாக்கின் தலையில் ஒரு குமிழ் இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் மெத்து, மறுபக்கம் திருப்பினால் கட்டை. அதைத்தான் போடச் சொன்னேன். அந்த யோசனையில் கள்ளம் கிடையாது. இன்று நீங்கள் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

குமிழைத் திருப்பும்போது டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். அவர் அவசரத்தில் எண்ணிக்கையை விட்டுவிடுவார் என்று நானே பெயிண்டில் புள்ளி வைத்துக்கொடுத்தேன். வெள்ளைப் புள்ளி தெருவுக்கு, சிவப்புப் புள்ளி தடத்துக்கு. முன்பக்கம் இரண்டு குமிழ் பானெட்டுக்குள், பின்பக்கம் இரண்டு டிக்கிக்குள் விரிப்புக்குக் கீழே. தடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி நான்கையும் சிவப்புக்குத் திருப்புவார். சாயங்காலம் கிளம்பும்போது நான்கையும் வெள்ளைக்குக் கொண்டுவருவார். எவ்வளவு களைத்திருந்தாலும் அதைச் செய்யாமல் வண்டியை எடுக்க மாட்டார்.

"காலையில பாப்பாவ ஸ்கூல்ல விட உங்க பொண்ணுதான் மாமா எடுப்பா. ஏற்கெனவே அவளுக்கு முதுகு வலி. குலுங்கக் கூடாது" என்று என்னிடம் சொன்னார். வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். அதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற மனுஷன் இல்லை.

என் மகளுக்கு இந்த ஓட்டம் பிடிக்கவில்லை. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீயாவது சொல்லேன்பா. நான் வாயத் தொறந்தா சண்டை. ஞாயித்துக்கிழமை ஃபோன் அடிச்சாலே எடுக்கப் பயமா இருக்கு."

"நான் பாத்துக்கறேன், விடும்மா."

"இப்படித்தான் எல்லாத்துக்கும் சொல்ற. வண்டிகிட்ட பேசுற அளவுக்குக்கூட மனுஷங்ககிட்ட பேச மாட்டியே."

உண்மைதான். யாரிடமும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மேஸ்திரியிடம் சொன்னதில்லை, முதலாளியிடம் சொன்னதில்லை. வீட்டு மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதுவும் அவர் என்னை மதித்தார். என் அழுக்குக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் நண்பர்களிடம், "இவருதான் எங்க மாமா. இவரு கை வெச்சா வண்டி பேசும்" என்று சொன்னவர். அந்த மதிப்பை இழக்க எனக்கு மனமில்லை.

அதனால் வண்டியையே பேசவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது நான்கு சிவப்புப் புள்ளிகளையும் இடம் மாற்றி வைத்தேன். வெள்ளையைத் தொடவில்லை. அதில் போவது என் மகளும் பேத்தியும். சிவப்பை மட்டும், முன்பக்கம் மெத்து, பின்பக்கம் முழுக் கட்டை என்று ஆக்கினேன். அப்படி வைத்தால் வேகமான வளைவில் வண்டியின் வால் வெளியே வீசும். பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னும் மோசமாக வீசும். புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லாரும் காலை எடுக்கத்தான் செய்வார்கள். அது எனக்குத் தெரியும்.

என் கணக்கு இதுதான். முதல் வளைவு மெதுவானது, ஓரத்தில் மணல் கொட்டியிருக்கும். ஒரு சுற்று சுழன்று மணலில் போய் நிற்பார். முகம் வெளுத்து வீட்டுக்கு வருவார். போதும் மாமா, எனக்கு இது சரிப்படாது என்பார். மகள் நிம்மதியாகத் தூங்குவாள். யாரும் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் சுழலவில்லை. நிதானக்காரர். முதல் சுற்றிலேயே வித்தியாசம் தெரிந்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்கு ஃபோன் செய்தார். நான் இங்கேதான், ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன்.

"மாமா, வால் ஆடுது. எல்லாத்தையும் சிவப்புலதான் வெச்சிருக்கேன். நான் ஏதாச்சும் தப்பாத் திருப்பிட்டேனா?"

குரலில் பயம் இருந்தது. என் வேலை பாதி முடிந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, மேடம். அந்த இடத்தில் நான் எத்தனையோ சொல்லியிருக்கலாம். வெள்ளைக்குத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வாங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால், ஏன் என்று கேட்பார். வண்டியைத் தூக்கிப் பார்ப்போம் என்பார். புள்ளி இடம் மாறியிருப்பது தெரியும்.

"இல்ல மாப்பிள்ளை, எல்லாம் சரியாத்தான் இருக்கு. டயர் இன்னும் சூடாகல. கொஞ்சம் வேகமாப் போங்க, அப்பத்தான் பிடிக்கும்."

"அப்படியா? சரி மாமா. நீங்க சொன்னா சரி."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அடுத்த சுற்றில் நீளமான வளைவில், வேகத்தோடு, வால் வீசியது. அங்கே மணல் கிடையாது, சுவர்தான். உங்களுக்குத் தெரியும், நீங்கள் அளந்திருக்கிறீர்கள்.

நொறுங்கிய வண்டியைத் தடத்துக்காரர்கள் அன்றே இங்கே இழுத்துவந்து போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்க்க நீங்கள் வருவதற்குள் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து எல்லாப் புள்ளிகளையும் துடைத்துவிட்டேன். வெள்ளையையும்தான். நீங்கள் நல்ல வேலைக்காரர். குமிழ்கள் தாறுமாறாக நிற்பதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்தீர்கள். எங்கும் எதுவும் உடையவில்லை, ஒரு போல்ட்கூடத் தளரவில்லை, முன்னுக்குப் பின்னாக மாற்றித் திருப்பியிருக்கிறார், ஓட்டியவரின் தவறு என்று எழுதினீர்கள். கண்ணால் பார்த்ததை எழுதினீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை.

அதை என் மகளிடம் படித்துக் காட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் அழவில்லை.

"ஒரு திருகைத் திருப்பத் தெரியாம போய்ச் சேந்திருக்கான்" என்றாள். அதுவரை அவரை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. "நானும் குழந்தையும் இருக்கோம்னு ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா ஒழுங்காப் பாத்திருப்பான்ல? இல்லப்பா. எங்க மேல அக்கறையே இல்ல அவனுக்கு."

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் படம் எதுவும் இப்போது அந்த வீட்டுச் சுவரில் இல்லை. சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டி வெளியே வைத்துவிட்டாள். நேற்று பேத்தி, "அப்பா கெட்டவரா தாத்தா?" என்று கேட்டாள். விளையாடப் போ என்று அனுப்பிவிட்டேன்.

எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மகளின் நன்மைக்காகத்தான் எல்லாமே செய்தேன். ஒரே ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். இதை அவளிடம் நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பேசத் தெரியும். எனக்கு முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழக்கமில்லை.

சொல்லும்போது, அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எதற்காக வெள்ளைக்குத் திருப்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் புருஷனின் நல்ல பெயரை நான் அவளுக்குத் திருப்பித் தர வேண்டும். இன்னும் தரவில்லை.