இறக்காத காவடி

"எறக்கு! கீழ எறக்கிட்டுப் படு!"

பின்னால் எவனோ கத்துகிறான். உய்ங் என்று ஒரு சத்தம் தலைக்கு மேல் போகிறது. அப்புறம் இடி. காது அடைத்துக்கொள்கிறது. முகத்தில் மண் கொட்டுகிறது.

நான் மூங்கிலில் கட்டிய கம்பளிக்குள் தொங்குகிறேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே கந்தல். மூங்கிலின் முன்முனை பாவாவின் தோளில். என் அக்கா புருஷன். பின்முனை ரங்கனிடம். பள்ளிப்பட்டுக்காரன், தறிக்காரன் மகன்.

1942, மே மாதம். பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு ஏறும் மலைப்பாதை. கீழே ஆறு. அந்தக் கரையிலிருந்து ஜப்பான்காரன் சுடுகிறான்.

நாங்கள் பட்டாளம். அப்படிச் சொல்லித்தான் சேர்த்தார்கள். ரங்கூனில் வாரத்தில் ஆறு நாள் அரிசி மில்லில் மூட்டை தூக்கினோம். ஏழாம் நாள் காக்கி மாட்டிக்கொண்டு லெஃப்ட் ரைட். ஞாயிற்றுக்கிழமைப் பட்டாளம் என்று மில்லில் கேலி செய்வார்கள். நாங்களும் சிரிப்போம். சண்டை வந்ததும் எல்லா நாளும் ஞாயிறு ஆனது. மார்ச்சில் ரங்கூன் போயிற்று. வடக்கே நட என்றார்கள். நடந்தோம். வெயில், பசி, பேதி. வழியெல்லாம் பிணம். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டோம். பிறகு அதையும் விட்டுவிட்டோம்.

ஆற்றங்கரையில் துரை எங்களை வரிசையில் நிறுத்தினார். துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டார். பட்டாளம் கலைந்தது, அவரவர் வீட்டுக்குப் போகலாம் என்றார். எங்கள் வீடு திருத்தணிப் பக்கம், கே.ஜி.கண்டிகையில். அது எந்தத் திசை என்று அவருக்குத் தெரியுமா? படகில் முதல் இடம் முழுநேரப் பட்டாளத்துக்கு. நாங்கள் மணலில் காத்துக் கிடந்தோம். விமானம் வந்தது அப்போதுதான். என் கால் போனது அந்த மணலில்தான்.

மறுநாள் படகு கிடைத்தது. அக்கரையில் பாவா மூங்கில் வெட்டினார்.

"என்ன இங்கியே உட்டுட்டுப் போங்க பாவா."

"உங்கக்கா மூஞ்சில எப்பிட்றா முழிப்பேன்? வாய மூடிகினு படு."

ரங்கூனுக்குக் கப்பலேறக் கிளம்பிய அன்று அக்கா அவரிடம் ஒன்றுதான் சொன்னாள். "எந்தம்பிய உட்டுட்டுத் தனியா வந்துடாதீங்க."

ஊரில் இருந்தவரை பாவா ஒரு ஆடிக் கிருத்திகையையும் விட்டதில்லை. திருத்தணி மலைக்குப் பூக்காவடி எடுப்பார். தோளில் ஏற்றினால் ஏற்றியதுதான். மேலே போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் வேண்டுதல் போச்சு. மூங்கிலைத் தோளில் வாங்கும்போது ரங்கனிடமும் அதைத்தான் சொன்னார். "இது காவடிடா. மேல போற வரைக்கும் கீழ வெக்க மாட்டேன்."

ரங்கன் தலையாட்டினான். ஏறினோம். பாதி மலையில் குண்டு விழத் தொடங்கியது.

"எறக்கு!"

ரங்கன் படுத்துவிட்டான். யாராக இருந்தாலும் படுப்பார்கள். என் தலை தடாலென்று மண்ணில் மோதியது. கால் பக்கம் மட்டும் மேலே நிற்கிறது. பாவா நிற்கிறார். ஏற்றத்தைப் பார்த்தபடி நிற்கிறார். மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்.

"பாவா, படுங்க!"

அடுத்த குண்டு அவருக்குப் பக்கத்திலேயே விழுந்தது. மண்டியிட்டார். அப்படியே முன்னால் சாய்ந்தார். குண்டுச் சில்லு அவர் கழுத்தில். படுத்துக் கிடந்த எங்கள்மேல் ஒரு கீறல் இல்லை. அவர் கையிலிருந்து மூங்கிலை விடுவிக்க ரங்கன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினான். பாவாவைப் புதைக்கவில்லை.

ஆடி மாதம் திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினேன். கக்கத்தில் கட்டை. தெரு முழுக்கக் காவடி. ஸ்டேஷனுக்கு வந்திருந்த அக்கா எனக்குப் பின்னால் பார்த்தாள். வேறு யாரும் இறங்கவில்லை. வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"எறக்கி வெச்சிருந்தா உசுரோட இருந்திருப்பாரா?"

"ஆங், அக்கா."

"நான்தானே சொல்லியனுப்பினேன்" என்றாள். அதற்கப்புறம் அவள் மலையேறவில்லை. கிருத்திகையன்று கதவைச் சாத்திக்கொள்வாள்.

பாவாவுக்காக அக்காவுக்குப் பென்ஷன் கேட்டுப் போனேன். நீங்கள் முழுநேரப் பட்டாளம் இல்லையே என்றார்கள். பாவா முழுநேரமும்தான் செத்துக் கிடக்கிறார். அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். திரும்பியவன் நான் ஒருவன். ரங்கன் அசாம் முகாமில் பேதியில் போனான். என் இடது கால். அக்காவின் தாலி. பாவா.

அக்காவிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவளும் போய்விட்டாள், இனிச் சொல்லலாம். பாவா இறக்காமல் தாங்கி நின்றாரே, அந்தக் காவடி அடுத்த குண்டு விழும் முன்பே தரையைத் தொட்டுவிட்டது. என் தலை மண்ணில் கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.