ரோவினாவின் விரல்கள்

வட்ட மேசை எதுவும் நூறு வருஷம் கழித்து வட்டமாக இருப்பதில்லை. மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் சுருங்காது. டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு விரற்கடையாவது வித்தியாசம் இருந்தால் அது பழசு. கச்சிதமான வட்டமாக இருந்தால் வாங்காதீர்கள்.

என் அக்கா ரோவினாவுக்கு டேப் தேவைப்பட்டதே இல்லை. விளிம்பில் உள்ளங்கையை ஒரு தடவை ஓட்டிவிட்டுச் சொல்லிவிடுவாள். எவண்டேல் என்ற சின்ன ஊரில் எங்கள் அப்பா பழம்பொருள் கடை வைத்திருந்தார். ஏலத்துக்குப் போனால் அவளைத்தான் கூட்டிப்போவார். நான் கடையில் இருந்து பித்தளைக் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

"இழுப்பறைக்கு அடியில கைய விட்டுப் பாரு, கிளென்," என்பாள். "அலை அலையாத் தெரியுதா? கையால இழைச்ச தடம் அது. மெஷின்ல அது வராது."

எனக்கு எதுவும் தெரியாது. தெரிகிறது என்பேன்.

"பாருங்கப்பா, பொய் சொல்றா," என்பாள். இருவரும் சிரிப்பார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

அப்பா சாகும்போது கடையை எனக்கும் வீட்டையும் அதிலிருந்த சாமான்களையும் அவளுக்கும் எழுதிவைத்தார். நல்ல சாமான் எதையும் அவர் கடைக்குக் கொண்டுவந்ததில்லை.

கண் அழுத்த நோயில் ரோவினாவுக்குப் பார்வை போனதும், கடை மாடியைக் காலி செய்துவிட்டு அவளோடு வந்து தங்கினேன். சமைத்துப் போட்டேன், தலை வாரிவிட்டேன், நடக்கக் கூட்டிப்போனேன். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் விரல்கள் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டன. லான்செஸ்டன் நகரத்திலிருந்தெல்லாம் வியாபாரிகள் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு, என் கடை வாசலைத் தாண்டி, குருடியான அவளிடம் காட்ட வருவார்கள்.

அப்போதுதான் ஒரு ஆசை வந்தது. 'எனக்குத் தெரியல' என்று அவள் வாயால் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். பெரிய ஆசை என்று எனக்குப் படவில்லை.

கிளெம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லிவிட்டான் என்று தெரியும். நல்ல தச்சன், வாய்தான் நிற்காது. சாப்பாட்டு அறையிலிருந்த நாற்காலி ஒன்றைக் கொடுத்து அதே மாதிரி இன்னொன்று செய்யச் சொன்னேன். யாரோ இடித்த வீட்டிலிருந்து பழைய பிளாக்வுட் மரப் பலகை எடுத்துவந்து செய்தான். ரோவினா சர்ச்சுக்குப் போயிருந்தபோது அதை அவள் இடத்தில் வைத்தேன்.

வந்து உட்கார்ந்தாள். டீயை ஊற்றி வைத்தேன். கோப்பையைத் தொடவில்லை. குதிகாலால் நாற்காலியின் கீழ்க்கட்டையைத் தடவினாள். அப்புறம் குனிந்து விரலால் தடவினாள்.

"இது யாரு நாற்காலிடி?"

"நம்மளோடதுதான்."

"இல்ல. கட்டை பூரா ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. மனுஷங்க கால் வெச்சா அப்படித் தேயாது, குதிகால் படற எடத்துல மட்டும் பள்ளம் விழும். கிளெம் வேலையா? கெட்டிக்காரன்தான், என்ன, அவசரக்குடுக்கை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து ஒப்புக்கொண்டிருக்கலாம். ஒப்புக்கொள்ளத்தான் வாயைத் திறந்தேன்.

"ரோ, நேத்தும் நீ இதுலதானே உக்காந்திருந்த," என்றேன். குரலில் கொஞ்சம் கவலையைச் சேர்த்துக்கொண்டேன்.

அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. அத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் நான் பார்த்திராத ஒன்று.

மறுநாள் பழைய நாற்காலியையே திரும்ப வைத்தேன். "இப்ப சரியா இருக்கு," என்றாள். "எப்பவும் இதேதான் இருக்கு, ரோ," என்றேன்.

அதன் பிறகு கிளெம் அவளுடைய கட்டிலோர மேசையைச் செய்தான், துணி வைக்கும் இழுப்பறை அலமாரியைச் செய்தான். அவளுக்கு வேடிக்கை காட்டத்தான் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அசல்களைப் பின்கொட்டகையில் போர்வை போட்டு மூடி வைத்தேன். ஒன்றைக்கூட விற்கவில்லை. காசுக்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அதில் கையெழுத்துப் போட மாட்டேன். சில நாள் மாற்றுவேன், சில நாள் அப்படியே விடுவேன். மாற்றாத நாட்களில்தான் அவள் அதிகம் தவித்தாள். ஒரே இழுப்பறையைத் திரும்பத் திரும்ப இழுத்து, மூடி, முகர்ந்து பார்ப்பாள்.

கடைசியில் அப்பாவின் வட்ட மேசை. அன்று நான் கடையிலிருந்து வந்தபோது தரையில் மண்டியிட்டிருந்தாள். கவுனின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மேசையின் குறுக்கே பிடித்து அளந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குடி. இது வட்டமா இருக்கு. அப்பா மேசை வட்டம் கிடையாது."

"குடு, நான் பாக்கறேன்," என்றேன். அளந்தேன். அவள் சொன்னதுதான் சரி. "வித்தியாசம் நல்லாவே இருக்கே, ரோ. உன் கையில கயிறு நழுவியிருக்கும்."

"என் விரலைப் பிடிச்சுக் காட்டு."

அவள் விரலைப் பிடித்துக் கயிற்றின் மேல் வைத்தேன். அடுத்த பக்கம் அளக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவள் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியல, கிளென்," என்றாள்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டாகிவிட்டது. அதோடு ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் காலையிலிருந்து கேட்கிறீர்கள். ஒரு தடவை கேட்டால் மறுபடி கேட்கத் தோன்றுகிற சொல் அது. வேறு பதில் என்னிடம் இல்லை.

டாக்டர் மெர்சர் வீட்டுக்கு வந்தார். வீட்டுச் சாமான்களை யாரோ ராத்திரியில் மாற்றுகிறார்கள் என்று அவளே அவரிடம் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு அவருக்கு இன்னொரு கேக் துண்டு வைத்தேன். அவரிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள். அந்தக் குளிர்காலத்திலேயே அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். காரில் போகும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், ரொம்பத் தொந்தரவு கொடுத்துவிட்டாளாம்.

அங்கே அவள் எதையும் தானாகத் தொடுவதில்லை. கையில் கரண்டியைக் கொடுத்தால், "இது கரண்டிதானே?" என்று நர்ஸைக் கேட்கிறாள். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் சாப்பிடுகிறாள். யாரும் பக்கத்தில் இல்லையென்றால் சூப் ஆறும்வரை காத்திருக்கிறாள். மெலிந்துவிட்டாள்.

முதல் தடவை கூப்பிட்டு விசாரித்தபோது, அவளிடம் உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிளெம், நாற்காலி, கயிற்றைத் தள்ளிப் பிடித்தது வரை ஒன்றையும் விடவில்லை.

"நீ சொன்னதுதான் ரோ எல்லாம் சரி. வீட்டுக்கு வா. அப்பா மேசை கொட்டகையில இருக்கு, தொட்டுப் பாரு."

"தொட்டு என்னடி பண்ண? என் கைக்கு என்ன தெரியும்?" என்றாள். என் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். "நான் மனசு உடஞ்சு போயிடுவேன்னு பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கறியே. நீ எவ்வளவு நல்லவடி."

அறுபது வருஷத்தில் அவள் என்னை நல்லவள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

நடந்ததெல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: என் அக்காவுக்கு என் மேல் எந்தப் புகாரும் இல்லை.