நிரம்பாத பள்ளம்

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வந்த பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“செப்டிக் டேங்க் தண்ணி போறதுக்குப் புதுசா பள்ளம் எடுத்தோம்க்கா. எவ்ளோ தண்ணி வுட்டாலும் நிக்காம உள்ள போய்க்கினே இருக்குது.”

“நல்லதுதானமா? எங்க வூட்ல வாசல் வரைக்கும் வழியுது.”

“கூடத்துல மாமனாரோட தறிக்குழிய மூடுன எடத்துலதான் கொழந்தையப் படுக்க வெக்கிறேன். அதுக்கு அடியில, தறி மிதிக்கிற மாதிரி சத்தம் வருதுக்கா.”

“செத்தும் உங்க மாமனாரு நெய்யிறத வுடல போல!”

இருவரும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அதே சத்தம் கேட்டிருக்கிறது. இப்படித் தோண்டிய பள்ளத்திலிருந்து கசிந்த நீர் அடிமண்ணை அரித்து, ஒரு மதியம் கூடமே உள்ளே இறங்கியது.

முன்பின் தெரியாத பெண்களிடம் பேசக் கூசி, நான் சும்மா இருந்தேன். அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது.