கோவில்பதாகை அனுசுயா எழுப்பிய அரங்கம்

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமையேற்று, பேசுவோர் எல்லை மீறினால் மணியடிக்கத் தயாராக வீற்றிருக்கும் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர், பெரியவர் திருவேங்கடம் அவர்களே, மேடையை மாண்புறச் செய்திருக்கும் மூத்தோர்களே, முதல் ஷிப்டு முடித்துச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் அம்பத்தூர் எஸ்டேட் தோழர்களே, எதிர் மாடிகளில் நின்று எட்டிப் பார்க்கும் என் தாய்மார்களே, பெற்ற மகள் மேடையேறியபோது ஊர் பேசிய பேச்சையெல்லாம் ஒற்றை ஆளாய்த் தாங்கிய சொர்ணம் அம்மையாரே, அவர் அருகில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் அனுசுயாவே, உங்கள் அனைவரையும் இந்த ஞானசேகரன் நெஞ்சாரக் கும்பிடுகிறேன்.

நெஞ்சார என்றேனே, அது அலங்காரச் சொல் அல்ல. இந்த நெஞ்சு இன்றைக்கும் துடிக்கிறதென்றால், அதற்குக் காரணமானவள் அதோ அமர்ந்திருக்கிறாள். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன்.

அனுசுயா யார்? அயல்நாட்டு நாளேடுகள் அரைப்பக்கம் எழுதிய நடிகை. அது இன்று. அன்று? எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டியவள். வேலை முடிந்ததும் எங்கள் வீதி நாடகக் குழுவுக்கு வந்தவள். வயலில் நாற்று நட்ட குடும்பம். வயல் மனையானதும் தாய் கேன்டீனுக்குப் போனார், மகள் கம்பெனிக்குப் போனாள். அந்த மகளிடம் இருந்தது என்ன? அழகா? அறிமுகமா? ஆள்பலமா? இல்லை. இருந்தது குரல் ஒன்றுதான்.

கரையான்சாவடி கடைத்தெருவில் எங்கள் நாடகம். பிள்ளையைப் பறிகொடுக்கும் தாயாக அவள் மடியை விரித்து அழுதுகொண்டிருக்கிறாள். பின்னால் ஒரு லாரி. ஓட்டுநர் ஹாரனில் கைவைத்துக்கொண்டு, “இன்னாம்மா இது, வயிய உடு” என்கிறார். அனுசுயா அழுகையை நிறுத்தவில்லை. அந்த அழுகைக்குள்ளேயே திரும்பி, “கொஞ்சம் இரு நைனா, புள்ள சாவக் கெடக்குது” என்றாள். லாரியின் எஞ்சின் அணைந்தது. அந்த ஓட்டுநர் லாரிப் படியில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் குரல்தான் அவளைக் கடல் கடந்து அழைத்துச் சென்றது. இயக்குநர் கிருஷ்ணப்பிரியா ஒரு நாடகம் எழுதினார். பெருமழைக் காலம், செம்பரம்பாக்கத்துக்குக் கீழே வெள்ளம் சூழ்ந்த வீடு, மொட்டை மாடியில் ஒரு கணவன், ஒரு மனைவி. கணவன் நான், மனைவி அனுசுயா. கடைசியில் கணவன் மயங்கி விழுவான். அக்கம்பக்கத்து மாடிகளைப் பார்த்து மனைவி கூவுவாள். ஒருவரும் வர மாட்டார்கள். அந்தக் கூவலோடு நாடகம் முடியும். சிங்கப்பூர் அழுதது. லண்டன் அழுதது. பெர்லின் எழுந்து நின்று கைதட்டியது. நாங்கள் தமிழில் பேசுவோம்; தலைக்கு மேலே ஒரு திரையில் அவர்கள் மொழியில் எழுத்து ஓடும்.

பிரான்சு நாட்டில் லியோன் நகரம். ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சி. அடுத்த ஊர் அரங்கைப் பார்க்கக் கிருஷ்ணப்பிரியா போய்விட்டார். தமிழ் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் நாங்கள் இருவர் மட்டுமே. காலையிலிருந்தே என் இடது தோள் கனத்தது. பயண அலுப்பு என்று நினைத்தேன்.

“தண்ணி ஏறிக்கினே கீது, நீ மேல…” என்று வசனத்தைத் தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. மார்பின் மேல் யாரோ ஏறி நிற்பது போல இருந்தது. விழுந்தேன்.

நான் விழ வேண்டிய இடம் அது அல்ல. அது யாருக்குத் தெரியும்? அவள் ஒருத்திக்குத்தான். குனிந்து, உதடு அசையாமல், “அண்ணாத்தே, இன்னும் டயலாக் கீது” என்றாள். நான் பேசவில்லை. என் கன்னத்தில் கைவைத்தாள். கை வியர்வையில் வழுக்கியது. “அண்ணாத்தே, நெஜமாவா?” என்றாள். இமையை மூடித் திறந்தேன். அவ்வளவுதான் என்னால் ஆனது.

அவள் எழுந்து கூவினாள். “யாராவது வாங்களேன். இந்த ஆளு சாவப் போறாரு. வாங்களேன்.”

என் மக்களே, நாடகத்தின் கடைசி வசனமும் அதேதானே? எழுத்தை ஓட்டியவர் நான் விழுந்ததைப் பார்த்துக் கடைசிக் காட்சிக்குத் தாவிவிட்டார். அவள் உயிரைக் கொடுத்துக் கூவக் கூவ, தலைக்கு மேலே வசனம் ஓடிக்கொண்டிருக்கிறது. அரங்கம் படிக்கிறது. அரங்கம் உருகுகிறது. அரங்கம் அசையவில்லை. “டாக்டர், டாக்டர்” என்று கத்தினாள். அந்தச் சொல்லும் நாடகத்தில் உண்டு. ஓரத்தில் நின்ற பணியாளரைப் பார்த்து இரு கைகளையும் ஆட்டினாள். அவர் நெகிழ்ந்துபோய்க் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சிரிக்காதீர்கள் தாய்மார்களே. நான் கீழே கிடக்கிறேன். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, வாய் மட்டும் பேசவில்லை. இருட்டுக்குள் யாரோ விசும்புகிறார்கள். இத்தனை பேர் எனக்காக அழுகிறார்களே, ஒருவராவது எனக்காக எழக் கூடாதா என்று கிடக்கிறேன். அவள் குரல் உயர உயர, அவர்களின் அமைதி ஆழமாகிறது. எந்தக் குரல் ஒரு லாரியை நிறுத்தியதோ, அந்தக் குரல் அன்று அத்தனை பேரையும் நாற்காலியோடு கட்டிப்போட்டது.

திடீரென்று அவள் நிறுத்தினாள். பேச்சே இல்லை. மேடையிலிருந்து குதித்தாள். முதல் வரிசையில் இருந்த ஒரு நடுவயதுப் பெண்மணியின் மணிக்கட்டைப் பற்றினாள், இழுத்தாள். அந்தப் பெண்மணி வெட்கப்பட்டுச் சிரித்தபடி வந்தார். இதுவும் நாடகம் என்று நினைத்திருக்கிறார். மேடையில் அவரை மண்டியிட வைத்து, அவர் உள்ளங்கையை என் மார்பில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள்.

சட்டை நனைந்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. அந்தப் பெண்மணியின் முகத்தில் சிரிப்பு நின்றதை நான் பார்த்தேன். அவர் அலறினார், அவருடைய மொழியில். அதன் பிறகுதான், ஐயா, அரங்கம் எழுந்தது. நாலாவது வரிசையிலிருந்து ஒரு செவிலியர் நாற்காலிகளைத் தாண்டி ஓடி வந்தார். விளக்குகள் எரிந்தன. நான் பிழைத்தேன்.

நான் பிழைத்தேன்; அவள் பிழைத்தாளா?

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது கட்டிலருகில் அனுசுயா. “இனிமே அந்தக் கூவல் எனக்கு வராது அண்ணாத்தே. வாயத் தொறந்தா உன் மூஞ்சிதான் வருது” என்றாள். பயணம் பாதியில் நின்றது. கோவில்பதாகைக்குத் திரும்பினாள். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வாய்ப்புகள் வந்தன, போயின. அவ்வளவுதான், முடிந்தது என்று ஊர் எழுதிவிட்டது. சொர்ணம் அம்மையார் மட்டும் ஒருநாள், “கம்பெனிக்குப் போறியோ, நடிக்கப் போறியோ, உன் இஷ்டம். செவுத்துக்கு மட்டும் பொண்டாட்டியா ஆயிடாத” என்றாராம்.

அந்த நேரத்தில் வந்தார் ஓர் அயல்நாட்டுத் திரைப்பட இயக்குநர். லியோனில் அன்று அமர்ந்திருந்தவர். அதே வெள்ளக் கதையைப் படமாக்க வேண்டும், அதே கூவல் வேண்டும் என்றார். பூந்தமல்லிக்கு அப்பால் தெருவே செட்டாக எழுந்தது. மழை பொழிய வைத்தார்கள். கேமரா ஓடியது. அனுசுயா நின்றாள்; கூவவில்லை. மறுபடி ஓடியது. கூவவில்லை. தயாரிப்பாளர் தரப்பு முறைத்தது. வேறு நடிகையை அழைக்கப் பேச்சு நடந்தது.

என்ன அண்ணே பின்னால்? “அந்தக் கூவல இங்க ஒரு வாட்டி கூவச் சொல்லு” என்கிறீர்களா? உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அவள் அன்று மொழிபெயர்ப்பாளர் வழியாக இயக்குநருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள். “நான் கூவிப் பாத்துட்டேன் சார். கூவினா அழுவாங்க, வர மாட்டாங்க. கதையில வர்ற பொம்பளைக்கும் அது தெரியும். அவ கூவ மாட்டா. என்னிய உடுங்க, அவ இன்னா செய்வாளோ அத்த செய்றேன்.”

இயக்குநர் தலையசைத்தார். கேமரா ஓடியது. இடுப்பளவு தண்ணீரில் அவள் இறங்கி நடந்தாள். கதவு கதவாகத் தட்டினாள். திறந்த ஒரு கதவில் நின்றவரின் கையைப் பிடித்து, வெள்ளத்தில் இழுத்து வந்து, கணவனின் மார்பில் வைத்தாள். ஒரு சொல் இல்லை. கதவைத் திறந்தவர் ஆவடியைச் சேர்ந்த துணை நடிகர் செல்வகுமார்; இப்படி நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் முகத்தில் நீங்கள் பார்க்கும் திகில் நடிப்பல்ல. அந்தக் காட்சிக்குத்தான் உலகம் விருது கொடுத்தது. குரலால் உயர்ந்தவள், குரலை அடக்கி உச்சம் தொட்டாள்.

மக்களே, கலை எதற்கு? கண்ணீர் வாங்கவா? கைதட்டல் வாங்கவா? கண்ணீர் விட்டவர்கள் அன்று நாற்காலியில் இருந்தார்கள். கைதட்டக் காத்திருந்தவர்களும் நாற்காலியில் இருந்தார்கள். ஒருவன் வலியைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு, தொடுவது வேறு. பார்த்தவர் அழுதார். படித்தவர் உருகினார். தொட்டவர்தான் அலறினார். தொட்டவர்தான் காப்பாற்றினார். ஒரு மனிதரின் கையை இன்னொரு மனிதரின் மார்பில் கொண்டுபோய் வைப்பது எதுவோ, அதுவே கலை என்று எனக்குக் காட்டியவள் என் தங்கை அனுசுயா.

அவளைத் தந்த தாய்க்கும், அவளைத் தாங்கிய தெருவுக்கும், மணியடிக்காமல் பொறுத்த தலைவருக்கும், இடையில் கேட்ட அண்ணனுக்கும் என் நன்றி. வணங்கி விடைபெறுகிறேன்.