கோம்பை நாய்க்கு முகப்பட்டை

“...நாய்க்கு ஒரு மானமும் போகலண்ணே, உங்களுக்குத்தான் போகுது” என்று முன்னால் நின்ற ஒரு பெண் சொன்னது வரிசை முழுக்கக் கேட்டது. நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

உத்தமபாளையம் கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசிக்கு நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பெண்ணின் கையில் ஒரு செவலைக் கோம்பை நாய். அதன் மூக்கைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, தாடைக்குக் கீழே கயிறு. அவருக்குப் பின்னால் கிடாயோடு நின்றவருக்கு அது பொறுக்கவில்லை.

“புலியவே மறிக்கிற சாதிம்மா இது. அதுக்குப் போயி வாயைக் கட்டிட்டீகளே.”

“வாயை எங்கன கட்டிருக்கு?” அந்தப் பெண் ஒரு ரொட்டியை நீட்ட, நாய் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. “கயித்தைச் சுண்டுனா முகம் திரும்பும், முகம் திரும்புனா உடம்பும் கூடத் திரும்பும். அம்புட்டுத்தான் இதுல இருக்கு.”

“கழுத்துல சங்கிலி போட்டு இழுத்துப் பிடிச்சா நிக்காதா?”

“பிடிச்சேன். ஒரு ஆட்டைப் பாத்து இழுத்த இழுப்புல வாய்க்கால்ல விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. பொம்பளைக்கு எதுக்குக் கோம்பை நாயி, மேகமலை எஸ்டேட்டுல விட்டுருவோம்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாக. நான் விடல.”

“இருந்தாலும் பாக்க நல்லாவா இருக்கு?”

“அப்பக் கயித்தைக் கழுத்துலயே மாட்டித் தாரேன். கிடாயை நான் பிடிச்சுக்கிறேன், நீங்க இவனைக் கடைவீதி வரைக்கும் ஒரு நடை கூட்டிட்டு வாங்க.”

கிடாய்க்காரர் தன் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

ஊசி போட்டு முடிந்ததும் அந்தப் பெண் நாயின் கயிற்றை ஒடிந்து சேர்ந்த கைக்கே மாற்றிக்கொண்டு, கிடாயை உரசினாற்போல் நாயை நடத்திக்கொண்டு வெளியே போனார்.