விட்டுப்போன வெந்தயம்

வந்தவர்: ...அது கெடக்கட்டுங்கம்மா. அரியலூரே உங்க ராணி வேஷத்தப் பத்திதான் பேசுது. பத்திரிகையில போடணும், உங்க குரு யாருன்னு சொல்லுங்க.

கொளஞ்சியம்மாள்: கிளி.

வந்தவர்: யாருங்க?

கொளஞ்சியம்மாள்: பச்சக்கிளி சார். கீழப்பழுவூர்ப் பக்கம் சோளக்கொல்லையில ஏழு வயசுல என்னயப் பரண் மேல ஏத்தி வுட்டாங்க. கத்தலேன்னா கதிர் போயிரும், கதிர் போனா என் கஞ்சி போயிரும். அந்தத் தொண்டதான் இது. கொட்டாயில கடேசி ஆளு வரைக்கும் கேக்குதுன்னு இன்னிக்கி மெடல் குத்துறாங்க. எனக்கென்னமோ எதுத்தாப்ல உக்காந்திருக்கவங்கள்லாம் கிளியாட்டமே தெரியுறாங்க.

வந்தவர்: இத... எழுதலாமுங்களா?

கொளஞ்சியம்மாள்: எழுதுங்க. ராணி கிளி வெரட்டுனவன்னு தெரிஞ்சா இன்னும் நாலு பேரு கூடவே வருவாங்க.

அமாவாசை: யக்கா! கரியில ஓடுற பஸ்ஸுக்கு டிரைவரு அடுப்பு மூட்டிட்டான். இன்னும் ஒரு மணி நேரந்தான். பெரம்பலூர் போயி எறங்கறப்ப மந்திரி வேஷத்துக்கு ஆள் இல்லேன்னா...

கொளஞ்சியம்மாள்: தெரியும் அமாவாசை. நீ போயி பொட்டியெல்லாம் ஏத்து. மேட்டுல பஸ்ஸத் தள்ளவும் ஆள் சேத்து வையி.

வந்தவர்: மந்திரி வேஷக்காரர் எங்கங்க?

கொளஞ்சியம்மாள்: நேத்து வேற கம்பெனிக்கு ஓடிட்டான் சார். போறவன் தலப்பாவக் கூட கழட்டல. இன்னிக்கி நாடகம் நின்னா கம்பெனி கலைஞ்சுரும். பதினாலு பேரும் ஊருக்குப் போயி களை வெட்டணும். நான் பரணுக்கு ஏற வேண்டியதுதான். கிளி என்னய மறந்திருக்காது.

வந்தவர்: அந்த வேஷம் கேட்டு... யாரும் வரலீங்களா?

கொளஞ்சியம்மாள்: வருவாங்க, வருவாங்க. நீங்க கேளுங்க.

வந்தவர்: அழுவுற கட்டத்துல நெசமாவே கண்ணுல தண்ணி வருதே...

கொளஞ்சியம்மாள்: புளிய மிளாறு குடுத்த வித்த. அடி வுழுவறதுக்கு மின்னாடியே அழுதுட்டா ரெண்டு அடி கொறையும். ரொம்ப அழுதா நாலு கூடும். அளவு தெரியணும் சார்.

வந்தவர்: பாடம் எப்டி மனப்பாடம் பண்றீங்க? படிப்பு...

கொளஞ்சியம்மாள்: கைநாட்டு. யாராச்சும் ரெண்டு தடவ வாசிச்சா போதும், ஒட்டிக்கும். பண்ணை வூட்டுல என்னயத்தான் கடைக்கு அனுப்புவாங்க. பெரியம்மா அடுப்பங்கரையில இருந்து சாமான் சொல்லுவாங்க. நான் வாசப்படி ஏறக்கூடாதில்ல? அவங்க புள்ள கொல்லப்பக்கம் வந்து எனக்கு ஒப்பிக்கும். இருவது சாமானையும் பாட்டா கட்டிக்கிட்டு ஓடுவேன். ஒண்ணு வுட்டாலும் மிளாறுதான்.

வந்தவர்: ...வுட்டிருக்கீங்களா?

கொளஞ்சியம்மாள்: ஒரே ஒரு தடவ. வெந்தயம். பத்து நாளு மல்லாந்து படுக்க முடியல. என்ன சார், பென்சிலு நின்னுருச்சு?

வந்தவர்: முனை... ஒடஞ்சிருச்சுங்க.

கொளஞ்சியம்மாள்: முனையே இல்லாமத்தான சார் வந்தீங்க. வந்ததுலேருந்து வெறுந்தாளத்தான் கீறிக்கிட்டு இருக்கீங்க.

வந்தவர்: ...நான் பத்திரிகைக்காரன் இல்லீங்க. வேஷம் கேக்கத்தான் வந்தேன். கேக்க வெக்கமாப் போச்சு.

கொளஞ்சியம்மாள்: அதச் சொல்லுறதுக்கு இம்புட்டு நேரமா?

வந்தவர்: பெருசா நெனைச்சிராதீங்க. பன்னெண்டு வருஷம் வூட்டோட பாட்டு வாத்தியார் வச்சு, மிளகுப்பால் குடிச்சு, வெயில் பட்டா தொண்ட கெட்டுரும்னு கொடைக்குள்ளயே வளந்தவன். மூணு கம்பெனியில பாட வச்சுப் பாத்தாங்க. ஒருத்தர் "கேக்கல"ன்னாரு. இன்னொருத்தர் "கேட்டுச்சு, போதும்"னாரு. மூணாவது எடத்துல தூங்கிட்டு இருந்த நாயி எந்திரிச்சுப் போயிருச்சு.

கொளஞ்சியம்மாள்: அய்யோ பாவம்... நாயி.

வந்தவர்: சிரிங்க, சிரிங்க. பாட்டத் தவிர ஒரு மண்ணும் தெரியாது, அந்தப் பாட்டும் வராது. கூத்தாடப் போறேன்னதும் அப்பா வூட்ட வுட்டே தொரத்திட்டாரு. இதுவும் இல்லேன்னா எனக்குப் போக்கிடம் இல்லீங்க.

கொளஞ்சியம்மாள்: மந்திரிக்குப் பாட்டே கெடையாது. தப்பத் தானே பண்ணிட்டு, மூஞ்சி கோணாம ராசாகிட்ட அடுத்தவ மேல பழியப் போடணும். அவ்வளவுதான் வேஷம்.

வந்தவர்: அது... எனக்கு வருங்களா?

கொளஞ்சியம்மாள்: வரும்.

வந்தவர்: நான் நடிச்சு நீங்க பாத்ததே இல்லியே!

கொளஞ்சியம்மாள்: அமாவாசை! மந்திரி தாடியையும் பொட்டியில வையி, ஆள் கெடைச்சிருச்சு!... பாத்திருக்கேன் சின்னய்யா. கொல்லப்பக்கம் நின்னுக்கிட்டு, "வெந்தயமும் சொன்னேம்மா, இவதான் மறந்துட்டா"ன்னு உங்கம்மா தலையில கை வச்சு சத்தியம் பண்ணீங்களே... நீங்க சொல்லவே இல்லேன்னு தெரிஞ்ச எனக்கே, அடி வுழுவுறப்ப, நாமதான் மறந்துட்டமோன்னு தோணிருச்சு.