அந்த மலையில் யார் அடங்கியிருக்கிறார்?

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் சகோதரிகள் இருவர். மூத்தவருக்குக் கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்து இதுதான் முதல் பயணம் என்று பேச்சில் தெரிந்தது. கனடாவிலிருக்கும் மகள் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள், அங்கே கடலோரத்து மலையொன்றில் ஏற. நிந்தவூர் தாண்டியதும் அவர் திடீரென்று கேட்டார்.

“அந்த மலையில ஆர் புள்ள அடங்கியிருக்கிற?”

“அவுலியா, இறைநேசர் எண்டு ஒருத்தரும் இல்ல ராத்தா. அடக்கம் செஞ்ச சியாரமே இல்ல. சும்மா ஏறுறதாம்.”

“சும்மாவா? நேர்ச்சை ஒண்டும் இல்லாமலா?”

“ஓம். மரத்து இலையெல்லாம் சிவந்து விழுமாம். அதப் பாக்கத்தான் சனம் போறதாம்.”

“நம்மட வாசல்ல கொட்டம்பா இலையும் சிவந்துதானே விழுது. நான் கூட்டி அள்ளிக் கொளுத்துறன். சரி, மேல ஏறி?”

“நிண்டு கடலப் பாக்கிறதாம்.”

“கடலா? அது நம்மட வீட்டுக்குப் பின்னால கிடக்கே!”

“எனக்கும் விளங்கல்லதான். மச்சான் மவுத்தானதிலருந்து நீங்க ஒருத்தரோடயும் கதைக்கிறல்ல, கொஞ்சம் நடந்தா மனசு லேசாகும் எண்டு மகள் அழுறாள்.”

சாய்ந்தமருதில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள்.

“சரி, போறன். ஒருத்தரும் அடங்கியில்லாட்டிப் பரவாயில்ல. மேல இருந்து அவருக்கு ஒரு யாசீன் ஓதிட்டு வாறன்.”

“அப்ப ஏறுறதுக்குக் காலுக்குச் சப்பாத்து வேணும் ராத்தா. இண்டைக்கே எடுப்பம்.”

கல்முனையில் இறங்கும்போது மூத்தவர் படியிலேயே நின்று திரும்பினார். பின்னால் நாங்கள் எல்லோரும் காத்து நின்றோம்.

“சப்பாத்தோட ஓதலாமா புள்ள?”